முதுமையும் மரணப் படுக்கையும்: திபெத்திய மருத்துவமும் பௌத்தமும் சொல்வது என்ன?

வயதானவர்களையும் மரணத்தை நெருங்கியவர்களையும் கவனிப்பதில் திபெத்திய மருத்துவம் என்ன செய்கிறது, பௌத்தம் அதில் எந்த இடத்தில் வருகிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பது கேள்வி.

முதலில் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மரபில் முதுமை என்பது உடலில் காற்று ஓங்கும் காலம். அந்தக் காற்றுக்கு லூங் என்று பெயர். குதிரைமேல் ஏறிய ஆள் போல மனம் லூங்கின்மேல் ஏறித்தான் போகிறது என்பது திபெத்தியரின் பழைய உவமை. குதிரை மிரண்டால் ஆளும் தடுமாறுவான். சாகும் நேரத்தில் மனம் இருக்கும் நிலைக்கு அடுத்த பிறவியில் பெரும்பங்கு உண்டு என்று பௌத்தம் நம்புகிறது. ஆகவே எழுபது வயதில் கொடுக்கும் எலும்பு சூப்பும், கடைசி மணி நேரத்தில் காதருகே சொல்லும் பிரார்த்தனையும் ஒரே காரியத்துக்குத்தான்: லூங் அடங்க வேண்டும், மனம் கலங்காமல் இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இந்த மருத்துவத்துக்கு சோவா ரிக்பா என்று பெயர்; மருத்துவர் ஆம்ச்சி. மூல நூல் 'க்யூஷி', அதாவது நான்கு தந்திரங்கள். 12-ஆம் நூற்றாண்டில் இளைய யுதோக் யோந்தென் கோன்போ இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். மொத்தம் 156 அத்தியாயங்கள். அதற்கு முன்பே வாக்படரின் ஆயுர்வேத நூல் 'அஷ்டாங்க ஹிருதயம்' 11-ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ காலத்தில் திபெத்தியத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் ஆயுர்வேதம் தெரிந்தவருக்கு இது பாதி பழகிய வீடு. 1696-இல் லாசாவில் தேசி சாங்க்யே க்யாட்சோ தொடங்கிய சாக்போரி மருத்துவக் கல்லூரி 1959-இல் அழிந்தது. 1916-இல் 13-ஆம் தலாய் லாமா காலத்தில் உருவான மென்-சீ-காங் என்னும் மருத்துவ, ஜோதிட நிலையம், 1961-இல் தரம்சாலாவில் மறுபடி தொடங்கியது. இந்திய அரசு 2010-இல் சோவா ரிக்பாவைச் சட்டப்படி அங்கீகரித்தது.

லூங், திரிபா, பேகென் என்ற மூன்றும் நம் வாதம், பித்தம், கபம். ஆனால் சித்த மருத்துவம் அறிந்த தமிழருக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே தட்டும். வாதமாய்ப் படைத்து, பித்தமாய்க் காத்து, கபமாய் அழிப்பது என்பதே சித்தர் வழக்கு. முதுமை கபத்தின் காலம். திபெத்திய முறை ஆயுர்வேதத்தைப் பின்பற்றுகிறது. 16 வயது வரை பேகென், அதிலிருந்து 70 வரை திரிபா, 70-க்கு மேல் லூங். ஒரே மூன்று பெயரை வைத்துக்கொண்டு இரு மருத்துவமும் ஒன்றுதான் என்று நினைத்து, ஒன்றின் பத்தியத்தை மற்றொன்றின் மருந்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. கபத்தைக் குறைக்கக் கொடுக்கும் வறட்சியான, காரமான, எண்ணெய் இல்லாத உணவு லூங் ஓங்கிய முதியவரை இன்னும் மோசமாக்கும் என்பதே ஆம்ச்சியின் கணக்கு.

லூங்கின் குணங்கள் ஆறு: சொரசொரப்பு, லேசு, குளிர்ச்சி, நுண்மை, கடினம், அசைவு. வயதான உடலை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தோல் சொரசொரக்கிறது, எடை குறைகிறது, கை கால் குளிர்கிறது, மூட்டு இறுகுகிறது, விரல் நடுங்குகிறது. ஆறில் ஐந்து அங்கேயே தெரிகின்றன. மனத்திலும் அதேதான்: தூக்கம் கலைவது, காரணமில்லாத பயம், சொன்னதையே சொல்வது, நெடுமூச்சு, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இடம் மாறி மாறிச் சொல்வது. உயிர்தாங்கும் லூங் குலைந்தால் அதற்கு சோக்-லூங் என்று பெயர். நெஞ்சுப் படபடப்பும், பதற்றமும், அழுகையும், ஒன்றிலும் பிடிப்பில்லாமையும் சேர்ந்து வரும். இன்றைய மனநல மருத்துவர் இதில் பெரும்பகுதியை மனச்சோர்வு என்றும் பதற்ற நோய் என்றும் குறித்துக்கொள்வார். திபெத்தியரிடையே இப்படிப் பெயர் சொல்வதில் ஒரு நன்மை உண்டு. 'எனக்கு லூங்' என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. அதனால் முதியவர்கள் சீக்கிரமே வாய்திறந்து சொல்லிவிடுகிறார்கள்.

ஆம்ச்சி பார்ப்பது, தொடுவது, கேட்பது என்று மூன்று வழியில் நோயறிகிறார். நாடியை மணிக்கட்டில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் பிடிப்பார். தன் மூச்சு ஒருமுறை போய் வருவதற்குள் ஐந்து துடிப்பு என்பது சரியான அளவு. லூங் நாடி மேலே மிதக்கும். அழுத்தினால் உள்ளே வெறுமையாக இருக்கும். இடையிடையே நின்று வரும். இந்தக் கடைசி அடையாளத்தில் கவனம் தேவை. நின்று நின்று துடிக்கும் நாடி முதியவரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறாகவும் இருக்கலாம். பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஈசிஜி எடுக்காமல் லூங் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரைப் பொறுத்தவரை, விடியற்காலையில் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். வெள்ளைக் கோப்பையில் ஊற்றிச் சிறு குச்சியால் கடைவார்கள். தண்ணீர் போலத் தெளிந்து, லேசாக நீலம் பூத்து, பெரிய பெரிய குமிழாக எழும்பினால் லூங். முந்தைய இரவு கெட்டித் தேநீர், மோர், மது குடித்திருந்தாலோ தூக்கம் கெட்டிருந்தாலோ இந்தச் சோதனை பொய்த்துவிடும். சத்து மாத்திரை நிறம் மாற்றுவதும், நீர்பிரிப்பு மாத்திரை சிறுநீரைத் தெளிவாக்குவதும் உண்டு. அவற்றை முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சையின் வரிசை மாறக் கூடாது: முதலில் உணவு, பிறகு நடத்தை, அதன்பிறகே மருந்து, கடைசியாக வெளிச்சிகிச்சை. இந்த மரபில் முதியவர்களுக்கு மிகவும் பயன்படுவது இந்த வரிசைதான் என்பது என் உறுதியான கருத்து. மாத்திரை வாங்குவதற்காக மட்டும் ஆம்ச்சியிடம் போகிறவர்கள் முதல் இரண்டு படிகளையும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் பலன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

உணவு சூடாக, நெய்ப்பாக, கனமாக இருக்க வேண்டும். ஆட்டெலும்பைச் சிறு தீயில் பல மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்த சாறு, அதில் பூண்டும் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூளும். வெண்ணெய், வெல்லம், சூடான பால். அசைவம் சாப்பிடாதவருக்குப் பூண்டுப்பால் அதே வேலையைச் செய்யும். ஜாதிக்காயை ஒரு சிட்டிகைக்கு மேல் ஏற்றக் கூடாது. தேக்கரண்டிக் கணக்கில் போட்டால் மயக்கமும் மனக்குழப்பமும் வரும், முதியவரிடம் அது சீக்கிரமே தெரியும். தவிர்க்க வேண்டியவை: பட்டினி, காய்ந்த ரொட்டி, பச்சைக் காய், கெட்டித் தேநீர், காபி, குளிர்ந்த நீர். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருப்பது, வெறும் வயிற்றோடு நெடுநேரம் பேசுவது, அழுவது இவை லூங்கைக் கிளப்பும் காரணங்கள் என்று க்யூஷியே சொல்கிறது. வயதான பௌத்தர்கள் புனித நாட்களில் உண்ணாநோன்பு இருப்பார்கள். உடல் தளர்ந்தவர்களை அதிலிருந்து விலகச் சொல்வதில் ஆம்ச்சிகள் தயங்குவதில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு எலும்புச் சாறும், இதயம் தளர்ந்தவருக்கு உப்புப்போட்ட வெண்ணெய்த் தேநீரும் பொருந்தாது. அங்கே அலோபதி மருத்துவர் சொன்ன பத்தியமே முதன்மை.

நடத்தை என்பதில் நூல் சொல்வது எளிமையானது: வெதுவெதுப்பான, வெளிச்சம் குறைந்த இடம், மனத்துக்குப் பிடித்தவர்களின் துணை, இனிமையான பேச்சு, போதிய தூக்கம். படிப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் எதிலே தவறுகிறோம் என்று பாருங்கள். ஓயாமல் ஓடும் தொலைக்காட்சி, தலைக்கு நேரே எரியும் குழல்விளக்கு, மின்விசிறியின் நேர்க்காற்று, நாளெல்லாம் தனிமை. லூங் கிளம்ப இதைவிட ஏற்பாடு வேண்டியதில்லை.

வெளிச்சிகிச்சையில் முதியவர்களுக்கு ஏற்றது ஹோர்மே. மங்கோலிய ஒத்தடம் என்றும் சொல்வார்கள். ஜாதிக்காய்த் தூளையும் சீமைச் சீரகத்தையும் சம அளவு எடுத்து, மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் நெல்லிக்காய் அளவுக்கு முடிந்து நூலால் இறுகக் கட்டுங்கள். கைப்பிடிக்க மேலே கொஞ்சம் துணி நிற்கட்டும். இரண்டு முடிச்சு இருந்தால் ஒன்று ஆறும்போது மற்றது தயாராக இருக்கும். நல்லெண்ணெயைச் சிறு கிண்ணத்தில் சூடாக்கி, புகை வருமுன் இறக்கிவிடுங்கள். முடிச்சை நனைத்து, அதிக எண்ணெயைப் பிழிந்து, உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே அவர்மேல் வைக்க வேண்டும். முதலில் தொட்டுத் தொட்டு எடுத்து, சூடு தாங்குகிறது என்று தெரிந்தபின் ஒத்திப்பிடிக்கலாம். வைக்கும் இடங்கள்: உச்சந்தலை, தலை குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பு, அதை ஒன்று என்று எண்ணி ஆறாவது ஏழாவது முதுகெலும்புகள், இரு மார்புக்கும் நடுவில் நெஞ்செலும்பு, உள்ளங்கைகள், உள்ளங்கால்கள். எண்ணெய்ச் சூட்டைச் சரியாகக் கணிக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. சர்க்கரை நோயாளிக்கு உள்ளங்காலில் சூடு உறைக்காது. அவர் சும்மா இருக்கிறாரே என்று வைத்துக்கொண்டே இருந்தால் கொப்புளம் எழும், அது ஆறாத புண்ணாகும். அவருக்குக் காலை விட்டுவிடுங்கள். காய்ச்சல், ரத்தக்கொதிப்பு ஏறிய நேரம், வயிறு நிறைந்த நேரம் வேண்டாம். மாலையில், காற்று அடிக்காத அறையில் செய்து, போர்த்திப் படுக்க வைத்தால் அன்றிரவு தூக்கம் வருவதைக் காணலாம்.

எண்ணெய்த் தேய்ப்புக்கு குன்யே என்று பெயர். வெதுவெதுப்பான எண்ணெய் பூசுவது, அழுத்தித் தேய்ப்பது, மாவு தேய்த்து எண்ணெயை எடுப்பது என்று மூன்று படி. அங்கே வறுத்த பார்லி மாவு, இங்கே கடலை மாவு போதும். மூன்றாவது படியை விட்டுவிடக் கூடாது. எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போய் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில்தான் முடியும். தோல் மெலிந்தவருக்கு அழுத்தம் வேண்டாம். படுக்கைப்புண் சிவந்திருக்கும் இடத்தைத் தேய்க்கவே கூடாது. காலில் ரத்தக்கட்டு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அதாவது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்துகளில் லூங்குக்குப் பெயர்பெற்றவை அகில் கட்டையை முதன்மையாகக் கொண்ட அகர் வகைகள். அகர்-35 என்பது 35 சரக்கு சேர்ந்தது. மாத்திரைகள் கடினமாக இருக்கும். பல் இல்லாதவருக்குப் பொடித்து வெந்நீரில் கலக்கித்தான் கொடுக்க வேண்டும். முழுதாக விழுங்கச் சொன்னால் தொண்டையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலான சரக்கு அரூரா, நம் கடுக்காய். மருத்துவ புத்தரின் சிலையிலும் ஓவியத்திலும் வலக்கையில் இருப்பது அதுதான். அரூரா, பரூரா, க்யூரூரா என்று அவர்கள் சொல்லும் மூன்றும் நம் திரிபலா: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய்.

ரின்சென் ரில்பு என்னும் அரிய மாத்திரைகள் பற்றித்தான் எச்சரிக்கையோடு பேச வேண்டும். பட்டுத்துணியில் பொதிந்து வருவதால் பிரசாதம் போலப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். முந்தைய இரவு பொடித்து வெந்நீரில் ஊறவைத்து, மூடி வைத்து, விடியும் முன் மோதிர விரலால் கலக்கிக் குடிப்பது முறை. இவற்றில் பலவற்றில் சோத்தெல் இருக்கிறது. அது நீண்ட சுத்திமுறைக்கு உட்படுத்திய பாதரசம். 13-ஆம் நூற்றாண்டில் ஓர்க்யென்பா ரின்சென் பல் வழியாகத் திபெத்தில் வேரூன்றிய முறை. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு, என்னதான் சுத்தி செய்திருந்தாலும், உலோகம் சேர்ந்த மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பது சரியில்லை என்பதே என் கருத்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் தொடங்கவே வேண்டாம். க்யுங்-ங்கா போன்ற சில கூட்டு மருந்துகளில் நச்சுள்ள நாவி வகைக் கிழங்கு சேர்கிறது. இதயத் துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை இரு மருத்துவரிடமும் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சந்தையில் 'அரிய மாத்திரை' என்ற பெயரில் போலிகள் நிறைய. அங்கீகாரம் பெற்ற மருந்தகத்தில் மட்டும் வாங்குங்கள்.

க்யூஷி மருத்துவத்தை எட்டுக் கிளையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று முதுமை. அங்கே வருவதுதான் சூலென், நம் காயகற்பத்துக்கு உறவு: பூண்டு, கன்மதம், கடுக்காய் முதலியவற்றைப் பாலோடும் வெண்ணெயோடும் தேனோடும் பக்குவப்படுத்தி, உடலைச் சுத்தி செய்தபின், அமைதியான இடத்தில் இருந்து உண்பது. தளர்ந்து படுத்தபின் கொடுப்பது அன்று. நல்ல நிலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டியது. இதோடு ஆயுள் நீடிக்கும் சடங்குகளும் உண்டு. பிறந்த ஆண்டின் விலங்கு திரும்பி வரும் ஆண்டுக்கு லோ-கக் என்று பெயர். அவர்கள் கணக்கில் 61, 73, 85 ஆகிய வயதுகள் தடங்கல் உள்ளவை. ஆயுள் தரும் தெய்வங்களான அமிதாயுஸ், வெள்ளைத் தாரா, நம்க்யால்மா மூவரையும் வேண்டுவார்கள். அறுப்புக்குப் போகும் ஆட்டை விலை கொடுத்து மீட்டு விடுவார்கள். நோயைத் தீர்க்கிறதோ இல்லையோ, அந்த ஆண்டில் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கிறார்கள். லூங்குக்கு அதுவே மருந்து.

இனி பௌத்தம். முதுமையை அது நோயாகப் பார்ப்பதில்லை. முதுமை அடைவேன், நோய் அடைவேன், சாவேன், பிரியமானதைப் பிரிவேன், என் வினைக்கு நானே உரியவன் என்ற ஐந்தையும் தினம் நினைக்கச் சொல்கிறது. பராமரிப்பு பற்றித் துறவிகளின் ஒழுக்க நூலான பாலி வினயப் பிடகத்தில் ஓர் இடம் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் காண்கிறார்கள். அவரால் மற்றவர்களுக்கு உதவி இல்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று சொல்வது அங்கேதான். தொடர்ந்து, நல்ல பராமரிப்பாளரின் ஐந்து தகுதிகள் வருகின்றன: மருந்து தயாரிக்கத் தெரியும், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்ததைக் கொடுப்பார், லாபத்துக்காக அல்லாமல் அன்போடு செய்வார், மலம், சிறுநீர், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்க மாட்டார், நேரம் பார்த்து அறம் பேசி மனத்தைத் தேற்றுவார். வீட்டுக்கு ஆள் வைக்கும்போது கேட்டுப் பார்க்க இன்றைக்கும் இந்த ஐந்து போதும். நோயாளியின் பக்கமும் சொல்லியிருக்கிறது. இருக்கும் வேதனையை உள்ளபடி சொல்லாதவர், மருந்து எடுக்காதவர், அளவு அறியாதவர் பராமரிக்கக் கடினமானவர்.

மரணப் படுக்கையில் என்ன பேசுவது என்பதில்தான் நாம் எல்லோரும் திணறுகிறோம். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் சாக்கியரான மகாநாமர் புத்தரிடம் இதையே கேட்கிறார். விடை ஒரு வரிசையாக வருகிறது. முதலில், அவர் வாழ்க்கையில் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கையையும் நல்லொழுக்கத்தையும் நினைவூட்டித் தைரியம் சொல்ல வேண்டும். அடுத்து, அப்பா அம்மாவைப் பற்றிக் கவலை இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால், கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் பிரிவு நேரத்தான் போகிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு மனைவி மக்கள். அதன்பின் உலக இன்பங்கள். அப்புறமே உயர்ந்த நிலைகளை நோக்கி மனத்தைத் திருப்புவது. வரிசையைக் கவனியுங்கள்: குடும்பக் கவலை முதலில், தத்துவம் கடைசியில். நாம் செய்வது நேர்மாறு. பகவான் பெயரைச் சொல்லுங்கள் என்று தொடங்கிவிடுகிறோம். அவருக்கோ வங்கிக் கணக்கும் கல்யாணமாகாத மகளும் நெஞ்சில் நிற்கிறார்கள். அங்குத்தர நிகாயம் என்ற மற்றொரு தொகுப்பில் நகுலமாதா படுத்துக்கிடக்கும் கணவரிடம் சொல்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எனக்குப் பருத்தி நூற்கத் தெரியும், பிள்ளைகளை வளர்ப்பேன், வீட்டைப் பார்த்துக்கொள்வேன், வேறொருவரை நாட மாட்டேன், கவலையோடு போக வேண்டாம். கவலையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தீர்க்கிறார்.

மரணம் நெருங்குவதன் அறிகுறிகளுக்கு க்யூஷியில் தனி அத்தியாயம் உண்டு. தொலைவானவை, அருகானவை என்று பிரிக்கிறது. அருகானவற்றில் உடலை ஆக்கும் நிலம், நீர் முதலிய பூதங்கள் ஒன்றில் ஒன்று ஒடுங்குவது வருகிறது. நிலம் நீரில் ஒடுங்கும்போது உடல் கனத்து அமிழ்வது போலிருக்கும், கண் மங்கும், தலையைத் தூக்க முடியாது. உள்ளே கானல் போலத் தோன்றும். நீர் தீயில் ஒடுங்கும்போது வாயும் மூக்கும் வறளும், காது மந்தமாகும். புகை போலத் தோன்றும். தீ காற்றில் ஒடுங்கும்போது கை கால் ஓரங்களிலிருந்து சூடு விலகும், உறவினர் பெயர் நினைவுக்கு வராது. மின்மினிப் பொறிகள் தோன்றும். காற்று உணர்வில் ஒடுங்கும்போது மூச்சு நின்று நின்று வந்து அடங்கும். விளக்குச் சுடர் போலத் தோன்றும். இது வெளிமூச்சு அடங்குவது. இதன்பின் வெண்மை, செம்மை, இருள் என்று மூன்று தோன்றி, கடைசியில் தெளிந்த ஒளி எழும். அதுவரை உள்மூச்சு இருக்கிறது என்கிறார்கள்.

வெளி அடையாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நோய்தணிப்புச் செவிலியர்கள் காண்பதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது: அளவற்ற சோர்வு, விழுங்க முடியாமை, பாதம் குளிர்ந்து நீலத்திட்டு விழுவது, மூச்சில் நீண்ட இடைவெளி. செவிப்புலன் விஷயத்தில் மட்டும் வேறுபாடு. 2020-இல் வான்கூவரில் செய்த மூளைமின்னலை ஆய்வில், நினைவிழந்து இருந்த சிலரின் மூளை கடைசி மணி நேரங்களிலும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது. காதருகே படிப்பதைக் கடைசிவரை தொடரும் திபெத்திய வழக்கத்துக்கு இது சாதகமே. அவருக்கு ஒன்றும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கட்டிலருகே சொத்துப் பேசுவதை நிறுத்த இது போதிய காரணம்.

கட்டத்துக்கு ஏற்ப என்ன செய்வது? உடல் அமிழ்கிறது என்றால் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இயன்றால் வலப்பக்கமாகச் சாய்த்து, வலக்கை கன்னத்தின் கீழ் இருக்கும்படி வைப்பது புத்தர் படுத்த நிலை. வாய் வறளும்போது குடிக்கக் கொடுக்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும், வெண்ணெய் தடவலாம். மணி ரில்பு போன்ற ஆசி மாத்திரை இருந்தால் முழுதாக வாயில் போடாமல், பொடித்த துகளை ஈர விரலால் நாக்கில் தொட்டு வையுங்கள். கை கால் குளிர்ந்தால் போர்வை போதும். வெந்நீர்ப் பை வைத்தால் உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோகும். அவர் வணங்கும் உருவமோ அவருடைய குருவின் படமோ கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அழுகை வந்தால் அடுத்த அறைக்குப் போய் அழுங்கள் என்பது திபெத்தியக் குடும்பங்களின் கட்டுப்பாடு. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் பற்று கிளம்பினால் லூங் கிளம்பும் என்பதே காரணம்.

மார்ஃபின் கொடுத்தால் மனத்தெளிவு போய்விடும் என்று சில குடும்பங்கள் மறுக்கின்றன. இதில் நான் தயக்கமின்றிச் சொல்வேன்: தாங்க முடியாத வலியில் தெளிவு என்பதே இருக்காது. வலியும் பயமும் கோபமும்தான் சாகும் மனத்தை நிறைக்கும், பௌத்தம் தவிர்க்கச் சொல்வது அதையே. சிறு அளவில் தொடங்கி வலிக்கு ஏற்ப ஏற்றினால் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்தாது. முதல் சில நாள் தூக்கக்கலக்கம் பலருக்குத் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தணியாது; ஆகவே முதல் நாளே மலமிளக்கி சேர்க்க வேண்டும். தியானப் பயிற்சி உள்ளவர் விழிப்பாக இருக்க விரும்பினால் அதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லி, வலி தாங்கும் அளவுக்கு மட்டும் கேட்கலாம். அது நோயாளியின் முடிவாக இருக்க வேண்டும், பிள்ளைகளின் முடிவாக அன்று.

ஐசியுவில் குழாய்களோடு போக விரும்பாதவர், தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு வழிவகுத்தது, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள்.

மூச்சு நின்றபின் உடலைத் தொடாமல் விடுவது வழக்கம். கூடுமானால் மூன்று நாள். உணர்வு உச்சந்தலை வழியே வெளியேற வேண்டும் என்பதால், தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் உச்சியைத் தொடுவார்கள். அதற்கான போவா சடங்குக்கு லாமாவை அழைப்பார்கள். ஜோதிடரிடம் இறந்த நேரத்தைக் கொடுத்து ஷின்சி என்னும் இறப்புக் கணிப்பைச் செய்து, உடலை எடுக்கும் நாளைக் குறிப்பார்கள். மருத்துவமனையில் மூன்று நாள் கிடைக்காது. முன்னாடியே செவிலியர் தலைவியிடம் பேசினால் ஓரிரு மணி நேரம் கிடைக்கலாம். குழாய்களை மெதுவாக எடுக்கச் சொல்லலாம். தேர்ந்த தியானிகள் மூச்சு நின்றபின்னும் துக்தம் என்னும் தியான நிலையில் இருப்பதாகச் சொல்வார்கள்: உடல் சரியாது, நாற்றம் எழாது, நெஞ்சில் லேசான சூடு இருக்கும், மூக்கிலிருந்து நீர் கசிந்து தலை சாய்ந்தால் முடிந்தது என்று பொருள். தலாய் லாமாவின் ஆசிரியர் லிங் ரின்போச்சே 1983-இல் மறைந்தபின் 13 நாள் அப்படி இருந்தார் என்பது பதிவு. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு இந்திய மடங்களில் இத்தகையவர்களிடம் மூளைமின்னலை எடுத்துப் பார்த்து, 2021-இல் வெளியிட்ட கட்டுரையில் மூளைச் செயல்பாடு எதையும் காணவில்லை என்று சொன்னது. உடல் ஏன் சிதையத் தாமதமாகிறது என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை தரவில்லை.

அடுத்து, இறப்புக்கும் மறுபிறவிக்கும் இடைப்பட்டதாக நம்பும் 49 நாள். ஏழு நாளுக்கு ஒருமுறை பிரார்த்தனை, வெண்ணெய் விளக்கு, தானம். இந்த நாட்களில் ஆம்ச்சி கவனிக்கச் சொல்வது இறந்தவரை மட்டுமன்று. இரவெல்லாம் விழித்து, சரியாகச் சாப்பிடாமல், அழுது அழுது லூங் ஏறிய பராமரிப்பாளரையும்தான். அவருக்குச் சூடான சாறு, எண்ணெய்த் தேய்ப்பு, ஹோர்மே, பகலிலும் கொஞ்சம் தூக்கம், பக்கத்தில் பேசுவதற்கு ஓர் ஆள். ஏழு வாரச் சடங்கு வீட்டுக்கு ஆட்களை வரவழைத்துக்கொண்டே இருப்பதால் தனிமை குறைகிறது. அதன்பிறகும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, உடல் இளைத்துக்கொண்டே போனாலோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்று எப்போதாவது சொன்னாலோ, லூங் என்று சூப் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.